குருணையின் நிறம்

இரவு முழுக்கக் காலில் கட்டியிருந்த காஸ் துணியைக் காலையில் மெல்லப் பிரிக்கிறார்கள். சீழும் ரத்தமும் உறைந்த துணியில் பொடிப்பொடியாக ஏதோ ஒட்டியிருக்கிறது. விரலால் நெருடினால் ரவை போலத் தட்டுப்படும். சிலருடைய துணியில் அது இடித்த மிளகு போலக் கறுப்பாக இருக்கும். சிலருக்கு வெள்ளையாக, அல்லது உறைந்த நெய்யின் நிறத்தில். அபூர்வமாகச் சிலருக்குக் குங்குமச் சிவப்பு. அந்தக் காலைப் பிடித்திருக்கும் நோய் எது, அந்தக் கால் மிஞ்சுமா என்ற கேள்விகளுக்கு முதல் விடை இந்தக் குருணையில் இருக்கிறது. எம்.ஆர்.ஐ. இயந்திரம் எட்டிப் பார்க்காத ஊரிலும் இந்தச் சோதனையைச் செய்துவிடலாம். ஒரு கட்டுத் துணியும் ஒரு ராத்திரிப் பொறுமையும் போதும்.

நோயின் பெயர் மைசெட்டோமா. உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் அதை 'மதுரா ஃபுட்' என்றும் படிக்கிறார்கள். நம்முடைய மதுரைதான். மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்று, முள் தைத்த துளை வழியாகவோ கல் கிழித்த கீறல் வழியாகவோ தோலுக்குள் புகுந்து, ஆண்டுக்கணக்கில் உள்ளேயே குடியிருந்து, சதையைத் துளைத்து, கடைசியில் எலும்பை அரிக்கும் தொற்று இது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லா மதுரைக் கால்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்: வலிக்காத வீக்கம், பல வாய் திறந்த புண், அதிலிருந்து கசியும் குருணை. உள்ளே இருப்பது பாக்டீரியாவாகவும் இருக்கலாம், பூஞ்சையாகவும் இருக்கலாம். உயிர்களின் குடும்ப மரத்தில் பூஞ்சை பாக்டீரியாவுக்கு அருகில் இல்லை; நமக்குத்தான் அருகில் இருக்கிறது. பாக்டீரியா என்றால் ஊசியும் மாத்திரையும் கொடுத்துப் பெரும்பாலும் காலைக் காப்பாற்றிவிடலாம். பூஞ்சை என்றால் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் மருந்து; அதோடு கத்தி; அதுவும் பலிக்காதபோது காலையே எடுப்பது. தோற்றம் ஒன்று, தலைவிதி இரண்டு. இரண்டையும் பிரித்தறிவதில்தான் இந்த நோயின் மருத்துவமே அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

மதுரைக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? 1842இல் மதுரையில் பணியாற்றிய ஜான் கில் என்ற மருத்துவர், உருக்குலைந்துபோன கால்களைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். நவீன மருத்துவத்தில் இந்த நோய்க்குக் கிடைத்த முதல் தெளிவான பதிவாக அதையே சொல்கிறார்கள். 1846இல் அதே ஊர் மருந்தகத்திலிருந்து எழுதிய கோல்புரூக் 'மதுரா ஃபுட்' என்ற பெயரைப் பயன்படுத்தினார். அதே ஆண்டு பெல்லாரியிலிருந்து காட்ஃப்ரே என்பவர், இதுவரை யாரும் விவரிக்காத கால் நோய் என்று லான்செட் இதழில் எழுதினார். பெல்லாரி பின்தங்கிவிட்டது, மதுரை ஒட்டிக்கொண்டது. யாரும் விவரிக்காதது என்பதும் முழு உண்மையில்லை. சுசுருத சம்ஹிதை 'வல்மீகம்' என்று ஒரு நோயைச் சொல்கிறது. வல்மீகம் என்றால் கறையான் புற்று. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மூட்டுகளிலும் மெல்ல வளர்ந்து, பல வாய் திறந்து கசியும் புற்று. மதுரைக் காலைப் பார்த்தவர்கள் இந்த உவமையை எளிதில் மறக்கமாட்டார்கள். ஜெர்மானியரான எங்கல்பெர்ட் கேம்ஃபர் 1694இல் லைடனில் மருத்துவப் பட்டத்துக்காக எழுதிய ஆய்வேட்டிலும், மலபார் மக்களிடையே கண்ட 'பெரிகால்' என்ற புண் வைத்த கால் வீக்கம் வருகிறது. அது யானைக்காலா, மதுரைக் காலா என்று இன்றும் வாதாடலாம். சொல் மட்டும் நமக்கு மொழிபெயர்ப்பு வேண்டாத சொல்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தவர் ஹென்றி வாண்டைக் கார்ட்டர். 'கிரேயின் உடற்கூறியல்' என்ற புகழ்பெற்ற பாடநூலில் எலும்பும் நரம்புமாக விரியும் படங்களை வரைந்தவர் அவர்தான். அட்டையில் கிரேயின் பெயர் நிலைத்தது; கார்ட்டரை அறிந்தவர்கள் குறைவு. அந்த நூல் வெளிவந்த 1858ஆம் ஆண்டிலேயே பம்பாய்க்குக் கப்பலேறிவிட்டார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தியபடியே, வெட்டி எடுக்கப்பட்ட கால்களை அறுத்துப் பார்த்தார். வரைபவனின் கண் அவருக்கு. கறுப்புக் குருணை உள்ள கால்களையும் வெளிர் நிறக் குருணை உள்ள கால்களையும் தனித்தனியாகப் பிரித்தார். இது பூஞ்சையால் வருவது என்று முடிவுகட்டி, 1860இல் 'மைசெட்டோமா' என்று பெயர் வைத்தார். பூஞ்சைக் கட்டி என்று பொருள்.

முடிவு பாதிதான் சரி. வைத்திருந்த மாதிரி ஒன்றில் சிவப்பாக ஒரு பூஞ்சணம் படர, அதுவே நோய்க்கிருமி என்று அவர் நம்பினார். இங்கிலாந்தின் பெரிய பூஞ்சையியலாளர் பெர்க்லி அதற்குக் கார்ட்டரின் பெயரையே சூட்டினார். பின்னால் பார்த்தால் அது எங்கிருந்தோ காற்றில் வந்து ஒட்டிய பூஞ்சணம், நோயோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஊறுகாய் ஜாடியில் படரும் பூஞ்சணத்தைப் பார்த்து மாங்காய்க்கு என்ன நோய் என்று முடிவுசெய்வது போன்ற பிழை. கார்ட்டரைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. எலும்புத் தொற்றைக் கண்டறிவதில் இன்றும் அதிகம் நடக்கும் பிழை இதுதான். அதைப் பிறகு பார்ப்போம். 1880களில் கார்ட்டரே திரும்பி வந்து, வெளிர் வகை வேறு ரகம், அது மாடுகளின் தாடையில் வரும் ஆக்டினோமைகோசிஸ் நோயை ஒத்திருக்கிறது என்று எழுதினார். கால் நூற்றாண்டுக்குப் பிறகு தன் பெயர் பதிந்த முடிவைத் தானே திருத்துவது எல்லோருக்கும் வாய்க்காது.

அந்த வெளிர் வகையின் கிருமியை 1894இல் வளர்த்துக் காட்டியவர் இயாசிந்த் வின்சென்ட் என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர். வளர்த்தது மதுரையில் இல்லை, அல்ஜீரியாவில். நோயாளியும் அந்த ஊர்க்காரர். ஆனாலும் கிருமிக்கு மதுரையின் பெயரையே வைத்தார். பின்னாளில் அது இருந்த பேரினத்துக்கும் மதுரை சேர்ந்துகொள்ள, இன்று அதன் முழுப்பெயர் ஆக்டினோமதுரா மதுரே. ஒரே பெயரில் இரண்டு மதுரை. கறுப்புக் குருணை தரும் பூஞ்சைக்கும் மதுரெல்லா என்று பெயர். இப்படி ஊர்ப்பெயர் வைத்து நோயை அழைக்க வேண்டாம், அந்த ஊர்க்காரர்களுக்கு அது தீராத களங்கம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. புதிய நோய்களுக்குத்தான் அது. மதுரை ஏற்கெனவே மாட்டிக்கொண்டாயிற்று.

ஆக்டினோமதுராவும் அதன் பங்காளிகளும் சாதாரண பாக்டீரியாக்கள் இல்லை. வழக்கமான பாக்டீரியா உருண்டையாகவோ குச்சியாகவோ இருக்கும். இவை நூல்நூலாக வளர்ந்து, கிளை பிரிந்து, பின்னிக்கொள்ளும். பூஞ்சை போலவே தோற்றம். ஆக்டினோமைசீட்டுகள் என்ற பெயருக்கே 'கதிர்ப் பூஞ்சை' என்றுதான் பொருள். பெயர் வைத்தவர்களும் ஏமாந்தார்கள் என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி. வேறுபாட்டைக் காண நூலின் தடிமனைப் பார்க்க வேண்டும். பாக்டீரிய இழை ஒரு மைக்ரான் அல்லது அதற்கும் குறைவு. பூஞ்சை இழை அதைவிடப் பல மடங்கு பருமன். தையல் நூலுக்கும் கொச்சக் கயிறுக்கும் உள்ள வித்தியாசம்.

இந்தக் குடும்பத்தை நாம் எல்லோரும் மூக்கால் அறிவோம். காய்ந்த நிலத்தில் முதல் மழை விழும்போது எழும் மண்வாசனைக்குக் காரணமான வேதிப்பொருளைப் பெரும்பாலும் இந்த வகை மண் பாக்டீரியாக்களே தயாரிக்கின்றன. 1965இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் நான்சி கெர்பரும் ஹூபர்ட் லெச்சவாலியரும் அதைப் பிரித்தெடுத்து 'ஜியோஸ்மின்' என்று பெயர் வைத்தார்கள். அதே லெச்சவாலியர் சில ஆண்டுகளில் தன் மனைவி மேரியுடன் சேர்ந்து வகுத்ததுதான் ஆக்டினோமதுரா என்ற பேரினம். அதே ரட்கர்ஸில் 1943இல் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸிடமிருந்து கிடைத்தது ஸ்ட்ரெப்டோமைசின், காசநோய்க்கு வந்த முதல் வலுவான மருந்து. அந்த ஸ்ட்ரெப்டோமைசிஸின் தாயாதி ஒன்று, சோமாலியென்சிஸ் என்று பெயர், சூடானில் மஞ்சள் குருணையோடு காலைத் தின்கிறது. பல ஆண்டுகள் அதற்கு எதிராகக் கொடுத்த ஊசி ஸ்ட்ரெப்டோமைசின். மழைக்கு மணம், நோய்க்கு மருந்து, மருந்துக்கு நோய், எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

மண்ணில் சும்மா கிடப்பது உடம்புக்குள் எப்படி வருகிறது? செருப்பில்லாத காலும் முள்ளும் போதும். நோய் அதிகம் உள்ள நாடுகளை வரைபடத்தில் குறித்தால், பூமத்திய ரேகைக்குத் தெற்கே 15 பாகையிலிருந்து வடக்கே 30 பாகை வரை ஒரு பட்டை விழும். மெக்சிகோ, செனகல், சூடான், சோமாலியா, இந்தியா. பெரும்பாலும் குறுகிய மழைக்காலமும் நீண்ட வறட்சியும் வேல மரங்களும் உள்ள நிலம். கருவேல முள் என்ன செய்யும் என்று ராமநாதபுரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நோயாளிகள் அதிகமும் 20 முதல் 40 வயதுக்குள் உள்ள ஆண்கள். விவசாயக் கூலிகள், ஆடு மாடு மேய்ப்பவர்கள். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. எந்த மண்ணில் எந்தக் கிருமி என்பது ஊருக்கு ஊர் மாறும். சூடானில் கறுப்புக் குருணைப் பூஞ்சை அதிகம். மெக்சிகோவில் பெரும்பாலும் நோகார்டியா என்ற பாக்டீரியா. இந்தியாவில் ராஜஸ்தான் பக்கம் பூஞ்சை மிகுதி. தெற்கே பாக்டீரியா மிகுதி. மதுரைக்கு வாய்த்தது, அந்த வகையில், இரண்டில் கொஞ்சம் நல்லது.

முதலில் பாதத்தில் ஒரு சின்னக் கெட்டி. வலி இல்லை. அறுவடை நேரத்தில் வலிக்காத கெட்டிக்காக யார் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்? மாதங்கள் போகும், பாதம் மொத்தமாகும். ஒரு வாய் திறந்து கசியும், மூடும், பக்கத்தில் இன்னொன்று திறக்கும். பழைய கோபத்தையும் ஊழலையும் பற்றிப் பேசும்போது 'புரையோடிப் போச்சு' என்கிறோமே, அந்தச் சொல் பிறந்த இடம் இது. தோலுக்கு அடியில் ஒன்றோடொன்று இணைந்த சுரங்கங்கள், அதுதான் புரை. தசைநாணும் நரம்பும் நெடுநாள் தப்பிவிடுவதால் ஆள் நடந்துகொண்டே இருப்பார். கிருமியோ குருணைக்குள் பத்திரமாக இருக்கும். ஒவ்வொரு குருணையும் லட்சக்கணக்கான இழைகள் இறுக்கிப் பின்னிய ஒரு பந்து. வெள்ளையணுக்கள் சுற்றி வளைத்து நின்று முற்றுகையிடும். பந்தின் நடுவை எட்ட முடியாது. மருந்துக்கும் அதே கதிதான்.

அடுத்தது எலும்பு. குழந்தைகளுக்குத் திடீரென்று வரும் சாதாரண எலும்புத் தொற்றில் கிருமி ரத்தத்தின் வழியே வந்து எலும்பின் உள்ளே முளைக்கும். காய்ச்சலும் துடிதுடிக்கும் வலியுமாகத் தன்னை அறிவித்துவிடும். மதுரைக் காலில் வழி தலைகீழ். வெளிச் சதையிலிருந்து எலும்பின் மேலுறையைத் தொட்டு, ஓட்டைத் துளைத்து, உள்ளே இறங்கும். சத்தமே இல்லை. எலும்பு எளிதில் சீழ் வடிக்க முடியாத, வீங்கவும் இடமில்லாத திசு. ரத்த ஓட்டம் நின்ற பகுதி அப்படியே செத்துக் கிடக்கும்; அங்கே மருந்தும் போகாது. தாது உப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகுதான் சாதாரண எக்ஸ்ரேயில் குறை தெரியும். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்ற வார்த்தைக்கு இங்கே அவ்வளவு மதிப்பில்லை. பாக்டீரிய வகை பூஞ்சை வகையைவிட வேகமாகவும் பரவலாகவும் எலும்புக்குள் போகும். குணப்படுத்தக்கூடிய வகைதான் அவசரக்காரன் என்பது இதில் ஒரு முரண்.

இனி அந்தக் குருணைக்கு வருவோம்.

நிறம் முதல் தடயம். கறுப்பு என்றால் அநேகமாகப் பூஞ்சைதான். சிவப்பு என்றால் பாக்டீரியா. ஆக்டினோமதுரா பெல்லெட்டியரி என்ற இன்னொரு பங்காளி. சிக்கல் வெள்ளையிலும் வெளிர் மஞ்சளிலும். பாக்டீரியாவும் தரும், சில பூஞ்சைகளும் தரும். அங்கே அளவு கொஞ்சம் உதவும். ஆக்டினோமதுரா மதுரேயின் குருணை பெரியது, கண்ணுக்கு நன்றாகத் தெரியும். நோகார்டியாவின் குருணை மிகப் பொடி, துணியில் தேடினாலும் அகப்படாமல் போகலாம். குருணையே தெரியவில்லை, ஆகவே மைசெட்டோமா இல்லை என்று முடிவுகட்டினால், நோகார்டியா தப்பிவிடும்.

அடுத்து, குருணையை உப்புநீரில் பலமுறை கழுவி, இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவே நசுக்கி, கிராம் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைப்பது. மெல்லிய நீலநூல்கள் பின்னிக் கிடந்தால் பாக்டீரியா. பருத்த இழைகளும் ஆங்காங்கே வீங்கிய கணுக்களும் தெரிந்தால் பூஞ்சை. அரை மணி நேர வேலை. இந்த அரை மணி நேரத்தைத்தான் பல மருத்துவமனைகள் செலவிடுவதில்லை.

பதிலாக என்ன நடக்கிறது? புண்ணின் வாயைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துக் 'கல்ச்சர்' அனுப்புகிறார்கள். இரண்டாம் நாள் அறிக்கை வரும்: ஸ்டாஃபிலோகாக்கஸ். தோலில் சும்மா வாழும் கிருமி, திறந்த புண்ணில் வந்து உட்கார்ந்தது. கார்ட்டரின் ஜாடியில் படர்ந்த அதே சிவப்புப் பூஞ்சணம்தான், வேறு வேஷம். நாள்பட்ட எலும்புத் தொற்று உள்ளவர்களின் புரை வாயில் எடுத்த மாதிரியையும், அறுவை சிகிச்சையில் எலும்புக்குள் எடுத்த மாதிரியையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 1978இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. உள்ளே இருந்த உண்மையான கிருமி வாயில் எடுத்த மாதிரியில் அகப்பட்டது பாதிக்கும் குறைவானவர்களிடம்தான். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் எல்லாம் வீட்டுக்காரர் இல்லை. ஆழத்திலிருந்து, மயக்கம் கொடுத்து, வாயைத் தவிர்த்து வேறு வழியாக வெட்டி எடுத்த திசுவே நம்பத் தகுந்தது. மேலே வந்து விழும் குருணைகளில் பல ஏற்கெனவே செத்தவை, வளராது.

ஆழத்தில் எடுத்தாலும் இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. ஆய்வகங்கள் வழக்கமாக இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு 'வளர்ச்சி இல்லை' என்று எழுதித் தட்டைக் கழித்துவிடும். இந்த இழைப் பாக்டீரியாக்கள் தலைகாட்டவே வாரங்கள் ஆகும். சந்தேகம் என்ன என்று மருத்துவர் சீட்டில் ஒரு வரி எழுதியிருந்தால் தட்டு மூன்று, நான்கு வாரம் காப்பகத்தில் இருந்திருக்கும். அபூர்வக் கிருமி என்று நாம் சொல்வதில் எத்தனை உண்மையிலேயே அபூர்வம், எத்தனை நம் அவசரத்தால் அபூர்வம் என்று தெரியாது. கிங்கெல்லா கிங்கே என்ற பாக்டீரியா இதற்குச் சரியான சாட்சி. அதை ஒரு காலத்தில் விநோதம் என்றே நினைத்தார்கள். 1990களின் தொடக்கத்தில் இஸ்ரேலில் பாப்லோ யாகுப்ஸ்கியின் குழு, குழந்தைகளின் மூட்டுநீரைத் தட்டில் தடவாமல் ரத்தப் பரிசோதனைக் குப்பியில் ஊற்றிப் பார்த்தது. கிங்கெல்லா வரிசையாக வளர்ந்தது. சின்னஞ்சிறு குழந்தைகளின் எலும்பு, மூட்டுத் தொற்றுக்கு அது முக்கியக் காரணம் என்று இன்று பாடநூல் சொல்கிறது. கிருமி புதிதில்லை, குப்பிதான் புதிது.

ஆள்மாறாட்டத்தில் முதலிடம் காசநோய்க்கு. நம் ஊரில் நாள்பட்டுக் கசியும் எலும்பு என்றால் முதலில் காசநோயை நினைப்பது நியாயம்தான். எண்ணிக்கையில் அதுவே பெரியது. (எலும்புருக்கி என்ற பழைய பெயர் உடம்பு மெலிவதைக் குறித்தது, எலும்பைத் தாக்குவதை இல்லை.) ஆனால் நோகார்டியாவின் சுவரிலும் காசநோய்க் கிருமியின் சுவரில் உள்ளது போன்ற மெழுகு கொஞ்சம் உண்டு. காசநோய்க்கு ஏற்றும் சாயத்தை அதுவும் அரைகுறையாகப் பிடித்துக்கொள்ளும். அவசரக் கண்ணுக்குச் சிவப்பாக ஏதோ தெரிந்துவிட்டால் காசநோய் மருந்து தொடங்கிவிடும், மாதங்கள் வீணாகும். கழுவும் அமிலத்தை மென்மையாக்கி மறுபடி சாயம் ஏற்றிப் பார்த்தால், நோகார்டியாவின் கிளை விட்ட நூல்கள் சிவப்பில் தெளியும். ஆக்டினோமதுரா அந்தச் சாயத்தைப் பிடிக்காது. சில சமயம் குருணையே பொய் சொல்லும். சாதாரண ஸ்டாஃபிலோகாக்கஸ்கூட அபூர்வமாகக் குருணை கட்டும். போட்ரியோமைகோசிஸ் என்று அதற்கும் பூஞ்சைப் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். பெயரை நம்பி இந்தத் துறையில் எதையும் முடிவுசெய்ய முடியாது.

படங்கள் சொல்வதும் சுவையானது. பூஞ்சை வகையில் எலும்பில் சில குழிகள், பெரிதாக, ஓரம் தெளிவாக. பாக்டீரிய வகையில் சின்னச் சின்னக் குழிகள், எண்ணிலடங்காமல், ஓரம் மங்கலாக. செல்லரித்த பழைய பத்திரம் போல இருக்கும். அல்ட்ராசவுண்டில் பூஞ்சைக் குருணை பளிச்சென்று மின்னும். பாக்டீரியக் குருணை மங்கலாகக் குழியின் அடியில் வண்டல் போலப் படிந்திருக்கும். எம்.ஆர்.ஐ.யில் வட்டத்துக்குள் ஒரு புள்ளி தெரியும். வட்டம் அழற்சித் திசு, நடுப்புள்ளி குருணை. கோலத்துப் புள்ளியைச் சுற்றிச் சுழித்தது போல. எலும்பின் உட்புறம் எந்த அளவு போயிருக்கிறது, கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டதா என்பதற்கும் அதுதான் வழி. சந்தேகம் தீராத இடங்களில் மரபணுவைப் படிக்கிறார்கள். எல்லா பாக்டீரியாவிலும் உள்ள 16எஸ் என்ற மரபணுவின் எழுத்து வரிசை இனத்துக்கு இனம் சிறிது மாறும். கிருமி வளரவில்லை என்றாலும் திசுவிலிருந்து அதைப் பெருக்கிப் பெயரைச் சொல்லிவிடலாம். வசதி உள்ள இடத்தில். நோய் இருக்கும் இடமும் வசதி இருக்கும் இடமும் ஒன்றாக இல்லை.

ஒன்றாக இருந்த ஓர் இடம் இருந்தது. சூடான் தலைநகர் கார்ட்டூமில் 1991இல் அகமது ஃபஹால் நிறுவிய மைசெட்டோமா ஆய்வு மையம். உலகத்தில் இந்த ஒரு நோய்க்காகவே இயங்கிய நிறுவனம். அல்ட்ராசவுண்ட் அடையாளங்கள் பலவும் அங்கே கற்றவை. 2016இல் உலகச் சுகாதாரப் பேரவை மைசெட்டோமாவைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்ததற்குப் பின்னால் அந்த மையத்தின் நெடுநாள் உழைப்பு உண்டு. பட்டியலில் சேராத நோய்க்கு ஆய்வுப் பணமும் வராது. 2023இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் அந்த மையத்தை அழித்துவிட்டது. பல்லாண்டு சேர்த்து உறைபெட்டியில் வைத்திருந்த திசு மாதிரிகளும் போயின.

சிகிச்சைக்கு வந்தால், கிருமியின் பெயர் ஏன் அத்தனை முக்கியம் என்பது புரியும். பாக்டீரியாவின் புரத ஆலை நம்முடையதிலிருந்து வேறுபட்டது. அதை மட்டும் குறிவைத்து அடிக்க மருந்துகள் உண்டு. பூஞ்சையின் ஆலை நம்முடையதைப் போன்றது. அங்கே அந்த மருந்து எதுவும் செய்யாது. மெக்சிகோவின் மான்டெர்ரேயில் தோல் மருத்துவர் ஒலிவேரியோ வெல்ஷ் 1980களில் ஒரு முறையை வகுத்தார். அமிகாசின் ஊசி மூன்று வாரம், கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரை ஐந்து வாரம். இப்படி ஒரு சுற்று. ஊசி இல்லாத இரண்டு வாரத்தில் சிறுநீரகத்தையும் காதையும் சோதித்துவிட்டு, தேவைப்பட்டால் அடுத்த சுற்று. அமிகாசின் காது கேட்கும் திறனைத் திருப்பித் தராமல் எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்து. காலுக்காகக் காதைக் கொடுக்க முடியாது. வேறு மருந்துக்கு அசையாதவர்கள் பலர் இந்த முறையில் தேறினார்கள். டெல்லி எய்ம்ஸில் எம். ராமம் குழுவினர் 2000இல் தங்கள் முறையை வெளியிட்டார்கள்: முதலில் பென்சிலினும் ஜென்டாமைசினும் கோ-ட்ரைமாக்சசோலும் சேர்த்துச் சில வாரம் கடுமையாக அடிப்பது, பிறகு வாய்வழி மாத்திரையில் நீண்ட நாள் ஓட்டுவது. இந்த மருந்துகள் எதுவும் புதிதில்லை. அரசு மருத்துவமனை அலமாரியில் இருப்பவைதான். பூஞ்சை வகைக்கு இட்ராகோனசோல் ஒரு வருடமும் அதற்கு மேலும் போகும். விலையும் அதிகம், முழுக் குணம் அடைபவர்களும் குறைவு.

மருந்து தொடங்கிச் சில வாரத்தில் புண்வாய்கள் ஒவ்வொன்றாக மூடும். வீக்கம் வற்றும். செருப்பு மறுபடி காலில் நுழையும். நோயாளி வீட்டுக்குப் போய் மாத்திரையை நிறுத்திவிடுவது பெரும்பாலும் அப்போதுதான். தோல் ஆறிவிட்டது, எலும்பு இன்னும் பாதி வழியில் இருக்கிறது. அல்ட்ராசவுண்டில் குருணை கண்ணில் படாமல் இருக்க வேண்டும், எக்ஸ்ரேயில் செல்லரித்த குழிகள் தூர்ந்து எலும்பின் சன்னமான வரிகள் மறுபடி ஓட வேண்டும். அதுவரை மருந்து ஓயாது. சிலருக்கு அது ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல்.